நின்றுபோன காதுகுத்து

1

மெல்போர்னில் ஒரு தமிழ்க் கடையில் பரோட்டா போடுகிறேன். சொந்த ஊர் ஒக்கூருக்குப் பக்கம். படிப்பு எட்டாவது. எழுதிப் பழக்கம் இல்லை. எழுத வைத்தது ஒரு தேவகோட்டைக்காரர்.

போன வாரம் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

“போன்லயே காதுகுத்த நிப்பாட்டுன மாமன் நீங்கதானா?”

“யாரு சொன்னாக?”

“எங்க வீட்டுல பேசிக்கிட்டாக. கறி வெந்துக்கிட்டு இருக்கு, பந்திப் பாய் விரிச்சாச்சு, மாமன் அங்குட்டு இருந்து வேணாம்னுட்டாராம்ல. அப்பிடி என்ன கோவம்? சீர் செனத்தியில எதும் தகராறா?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சொல்ல விருப்பமில்லை போல என்று சிரித்துவிட்டு சால்னா கேட்டார். ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

பேச்சு கடல் தாண்டி வந்துவிட்டது. கறி வந்திருக்கிறது, பந்தி வந்திருக்கிறது, கோபம் வந்திருக்கிறது. பிள்ளைக்கு மூச்சு முட்டியது மட்டும் வரவில்லை. அதை யாரும் ஏற்றி விடவில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்கள் படிக்க வேண்டும்.

2

என் தங்கச்சி பெயர் மலர். காளையார்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லை. பிறகு ஆண் பிள்ளை பிறந்தது. போன கார்த்திகையில் அவனுக்கு ஐந்தாம் மாதம்.

நம் பக்கம் காதுகுத்து ஒற்றைப்படை மாதத்தில். ஐந்து, விட்டால் ஏழு. மாப்பிள்ளைக்கு லீவு முடியப் போகிறது. மார்கழி பிறந்துவிட்டால் விசேஷம் வைக்க முடியாது. கார்த்திகையில் குலசாமி கோயிலில் வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள்.

தாய்மாமன் நான் ஒருவன்தான். பிள்ளை என் மடியில் இருக்க, ஆசாரி காது குத்த வேண்டும். நான் போக முடியவில்லை.

இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை வெளியே போனால், திரும்ப உள்ளே வரத் தனியாக ஓர் அனுமதி வேண்டும். அதற்கும் எழுதிப் போட்டேன். எழுதியது நான் இல்லை, என் மகள் ஹரிணி. பத்து வயது. எங்கள் வீட்டுக்கு அவள்தான் வக்கீல், கிளார்க், தபால்காரர் எல்லாம். பயணத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். தங்கச்சி மகனுக்குக் காது குத்துவது என்று எழுதினாள். ஆதாரம் கேட்டார்கள். அழைப்பிதழை அனுப்பினோம். ஆங்கிலத்தில் மாற்றி முத்திரை வைத்து அனுப்பச் சொன்னார்கள். அதையும் அனுப்பினோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

ஹரிணி கேட்டாள்.

“ஏன்ப்பா, மாமா மடிலதான் உக்காரணுமா? ஸ்டூல் போட்டா ஆகாதா?”

“ஆகாது.”

“எனக்கு ஸ்டூல்லதானே குத்துனாங்க.”

அது உண்மை. அவளுக்கு இங்கே ஒரு கடைத்தொகுதியில் குத்தினோம். கையுறை போட்ட ஒரு பெண் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினாள். ஒரு நிமிடம். தேவியின் அண்ணன் ஊரில் இருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தேவி என்றால் என் மனைவி. அவள் அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததே சொன்ன மாதிரிதான்.

மாமன் வர முடியாவிட்டால் மாமன் முறை உள்ள இன்னொருவன் உட்காரலாம். நம் பக்கம் அது உண்டு. என் பெரியம்மா மகன் முத்து உட்காருவது என்று ஏற்பாடு. ஆனால் கம்பியை எடுக்கும் முன் ஆசாரி கேட்பார், மாமன் உத்தரவா என்று. சொந்த மாமன் வாயால் உத்தரவு என்று சொல்ல வேண்டும். அதை நான் போனில் சொல்வது என்று முடிவானது.

எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

3

இங்கே குளிர்காலம் ஆடியில் வரும். காதுகுத்துக்கு முந்தின ஆடியில் என் மகன் கவின் மூன்று மாதப் பிள்ளை.

பள்ளிக்கூடத்திலிருந்து தடுமம் கொண்டுவந்தது ஹரிணி. அவளுக்கு மூக்கொழுகல், சில நாளில் போய்விட்டது. எனக்குத் தும்மல். தேவிக்குத் தொண்டைக் கரகரப்பு. கவினுக்கு அது நெஞ்சுக்குள் போனது. முதலில் சளிதான். மூன்று நான்கு நாள் கழித்து மூச்சு வேகமாகியது.

இங்கே உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் போன் போட்டு ஒரு நர்ஸிடம் பேசலாம். நர்ஸ் கேட்பார், நாம் சொல்ல வேண்டும். ஹரிணி போனைப் பிடித்துக்கொண்டாள்.

“பால் குடிக்கிறானான்னு கேக்குறாங்கம்மா.”

“குடிக்கிறான்னு சொல்லு. கொஞ்சம் கொறச்சலா.”

“எத்தன நாப்பி நனைஞ்சதுன்னு கேக்குறாங்க.”

எங்கள் வீட்டில் பகலில் நாப்பி கட்டுவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டித் துணிதான். நனைந்தால் மாற்றுவது, துவைப்பது. யார் எண்ணினார்கள்?

“வழக்கம்போலன்னு சொல்லு” என்றாள் தேவி.

வழக்கம்போல இல்லை. அவளுக்குத் தெரியும். ஆனால் நம் பெண்கள் பிள்ளையைப் பற்றிக் கெட்டதை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது ஆகிவிடும் என்று பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தாலும் லேசாச் சூடு என்பார்கள். ஊரில் அதனால் கெடுதல் இல்லை. டாக்டர் அவர்கள் பேச்சைக் கேட்கப் போவதில்லை, பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பார். இங்கே போனில் சொல்வதை வைத்துத்தான் முடிவு. கொஞ்சம் என்றால் கொஞ்சம் என்றே எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் வைத்துப் பாருங்கள், மோசமானால் கூப்பிடுங்கள் என்றார்கள். மறுநாளும் கூப்பிட்டோம். மறுநாளும் கொஞ்சம், லேசாக, வழக்கம்போல. மறுநாளும் வீட்டில் வைத்துப் பாருங்கள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் இருந்த நர்ஸ் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இன்னொரு குழாய் வழியாகப் பால். டாக்டர் வந்து நெடுநேரம் பேசினார். ஹரிணி கேட்டுச் சொன்னாள்.

“ஏதோ வைரஸாம். ஆர்.எஸ்.வி.யாம்.”

“என்ன மருந்து குடுக்குறாக?”

“மருந்து இல்லையாம்ப்பா.”

“இல்லைன்னா? ஸ்டாக் இல்லையா?”

“இதுக்கு மருந்தே இல்லையாம். ஆக்சிஜன் வச்சு, பால் குடுத்தா, அவனே சரியாயிடுவானாம்.”

“ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொல்லு.”

“அது வைரஸுக்கு கேக்காதாம்.”

“நல்லாக் கேளும்மா.”

“மூணு தடவ கேட்டுட்டேன்ப்பா. அவங்க சிரிக்கிறாங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, சுவரெல்லாம் மெஷின், ஒரு மருந்து இல்லை என்கிறார்கள். நம் ஊர் கிளினிக்கில் ஒரு ஊசி, மூன்று சிரப்பு இல்லாமல் வெளியே விட மாட்டார்கள். பிறகு நாள் போகப் போகப் புரிந்தது. பெரியவர்களுக்கு இது வெறும் தடுமம். கைப்பிள்ளைக்கு மூச்சுக்குழாயின் கடைசி நுனி நூல் மாதிரி இருக்கும். அங்கே போய் அடைக்கிறது. மூச்சு வாங்கி வாங்கிப் பிள்ளை களைத்துப்போகும். களைத்தால் பால் குடிக்காது. அந்தக் களைப்பைத் தாண்டும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அந்த அவ்வளவு வீட்டில் கிடையாது.

இப்போது இங்கே வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தாய்க்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். தேவி காலத்தில் வரவில்லை.

கவின் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தான். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பேச்சைக் கேட்காதே, சட்டையைத் தூக்கிப் பார்.

4

காதுகுத்துக்கு முந்தின நாள். கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. மலர் வீடியோ கால் போட்டாள். பின்னால் உறவுக்காரர்கள் சத்தம். பந்தலுக்குக் கால் ஊன்றுகிறார்கள்.

“அண்ணே, ஒங்க மருமகனப் பாருங்க. புதுச் சட்டை.”

பார்த்தேன். பிள்ளை அவள் தோளில் கிடந்தான். மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது.

“மூக்கு ஏன் அப்பிடி விரியுது?”

“லேசாச் சளிண்ணே. நாலு நாளா. அக்கா மகனுக்குத் தடுமம், அது ஒட்டிக்கிருச்சு.”

அக்கா என்றது அவள் நாத்தனாரை. அந்தப் பையனுக்கு நான்கு வயது. வந்த நாளிலிருந்து பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறான். வந்தவர் போனவர் எல்லாரும் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார்கள். விசேஷ வீட்டில் பிள்ளையைத் தொடாதே என்று யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் அது ஒரு சண்டை.

“டாக்டர்ட்ட போனீகளா?”

“முந்தாநாளே போயாச்சு. சளிதான்னாரு. ஒரு ஊசி, ரெண்டு சிரப்பு. அதுல கேக்கலன்னு தொக்கம் எடுத்தோம். தலைக்கு ஊத்தி சாம்பிராணியும் போட்டோம்.”

தொக்கம் எடுப்பது என்றால் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று வாய் வைத்து ஊதி எடுப்பது. மூச்சு முட்டுகிற பிள்ளையின் வாயில் ஊதி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புகையிலும் காட்டியிருக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாம் பாசத்தில் செய்தது.

“பால் குடிக்கிறானா?”

“குடிக்கிறாண்ணே.”

“மலரு.”

“கொஞ்சம் கொறச்சலா.”

இந்த வார்த்தையை நான் ஆடியில் கேட்டவன்.

“சட்டையத் தூக்கு.”

“எல்லாரும் இருக்காகண்ணே.”

“தூக்கும்மா.”

தூக்கினாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பிள்ளை உள்ளுக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தான். ஹரிணி பள்ளிக்கூடம் விட்டு வந்து கடை அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

“கவினுக்கு மாதிரியே உள்ள போகுதுப்பா” என்றாள்.

பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது. அந்தப் பந்தலுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் அது சளி.

“மலரு, இப்பவே சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. நூத்தியெட்டுக்கு போன் போடு.”

“விசேஷ வீட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நின்னா நல்லாவாண்ணே இருக்கும்? அவுகட்ட பேசுங்க” என்று மெதுவாகச் சொல்லி, போனை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

5

மாப்பிள்ளை நல்ல மனிதர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

“என்ன மச்சான், போன்லயே பாத்து வைத்தியம் பண்றீகளாம்?”

“நான் வைத்தியன் இல்ல மாப்பிள்ள. இத ஒருக்க எம்பிள்ளைக்குப் பாத்திருக்கேன். கைப்பிள்ளைக்கு ஆகாது.”

“சளி பிடிக்காத பிள்ள எங்க இருக்கு? நாமள்லாம் வளரலையா?”

“ஒருக்க ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துருங்க.”

“காட்டியாச்சே.”

“ஆக்சிஜன் இருக்குற ஆஸ்பத்திரில.”



“விடிஞ்சாக் காதுகுத்து. இன்னைக்கு நின்னுக்கிட்டு ஆக்சிஜன்ங்குறீக. வாயில நல்ல வார்த்தையே வராதா மச்சான்?”

“தையில வச்சுக்கங்க. ஏழாம் மாசம் வருது.”

“தையில நான் பனிக்குள்ள துப்பாக்கியத் தூக்கிட்டு நிப்பேன். மாமன் இல்லாமச் செய்யிறோம். அப்பனும் இல்லாமச் செய்யணுமா?”

போனை வைத்துவிட்டார். 

அப்புறம் முத்துவுக்குப் போட்டேன். நீ மடியில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிடு என்றேன்.

“நான் எப்பிடிண்ணே சொல்றது? எனக்கு பட்டு வேட்டியெல்லாம் எடுத்துட்டாக. இந்நேரம் மாட்டேன்னா கட்டி வச்சு அடிப்பாக.”

“பிள்ளைக்கு முடியல முத்து.”

“முடியலைன்னா அவுகளுக்குத் தெரியாதாண்ணே? பெத்தவுக இருக்காகள்ல.”

அவனும் வைத்துவிட்டான்.

இதுதான் இங்கே இருப்பதில் உள்ள கொடுமை. ஊருக்குப் போயிருந்தால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு வண்டி ஏறியிருப்பேன். அடி விழுந்தாலும் வாங்கியிருப்பேன். இங்கிருந்து என்ன செய்ய? மாவைப் பிசையலாம். போனைப் பார்க்கலாம். ஊரில் நான் அனுப்பியதை வாங்கிக்கொள்வார்கள், நான் சொல்வதை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டுக்காரன் பயந்தவன், தும்மினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான் என்று ஒரு பெயர். இங்கே டாக்டரிடம் போனால் ஊசி கேட்கிற நாட்டுப்புறத்தான் என்று ஒரு பெயர். இரண்டு பக்கமும் நான் சொல்வது எடுபடாது.

6

மறுநாள் எனக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் போய் நின்றேன். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்.

வீடியோ வந்தது. கண்மாய்க்கரைக் கோயில். மழை தூறி விட்டிருந்தது. விறகு நனைந்து அடுப்பெல்லாம் புகை. மாப்பிள்ளை கையில் போன். ஸ்பீக்கரில் போட்டு எல்லாருக்கும் காட்டினார். முந்தின நாள் பேச்சைக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு மரியாதை செய்தார்.

“இந்தா, மாமன் வந்துட்டாரு. எல்லாரும் பாத்துக்கங்க.”

முத்து பட்டு வேட்டியில் சம்மணம் போட்டிருந்தான். மடியில் பிள்ளை. ஒவ்வொரு மூச்சுக்கும் தலை முன்னும் பின்னும் ஆடியது. உதட்டைச் சுற்றி நிறம் சரியில்லை. யாரோ பிள்ளை தூங்கி விழுறான் பாரு என்று சிரித்தார்கள். தூக்கம் இல்லை அது.

“சட்டையக் கழட்டிட்டுப் பாருங்க மாப்பிள்ள” என்றேன்.

“எல்லாம் பாத்தாச்சு மச்சான். நேரம் போகுது.”

ஆசாரி காதில் சந்தனத்தைத் தொட்டு வைத்தார். கம்பியை எடுத்துக்கொண்டு போனைப் பார்த்தார்.

“மாமன் உத்தரவா?”

“உத்தரவு இல்ல” என்றேன்.

 பின்னால் ஒருவர், “லைன் சரியில்ல போல, திருப்பிக் கேளுங்க” என்றார்.

“லைன் நல்லாத்தான் இருக்கு. உத்தரவு இல்ல. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.”

ஆசாரி கம்பியைத் தட்டில் வைத்துவிட்டார். மாப்பிள்ளையின் அக்கா கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

“மடி குடுக்க வர முடியல. தடுக்க மட்டும் வாயி கடல் தாண்டி வருதாக்கும்?”

“அவரு கெடக்காரு, நீங்க குத்துங்க ஆசாரி” என்றது இன்னொரு குரல்.

“மாமன் வேணாம்னதுக்கப்புறம் நான் காதுல கை வைக்க மாட்டேன். நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான் சொல்வீக” என்றார் ஆசாரி.

மாப்பிள்ளை போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார். கண் சிவந்திருந்தது.

“எத்தன பேரு முன்னால நிக்கிறேன் தெரியுமா மச்சான்?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

நான் பதில் சொல்வதற்குள் மலர் குரல் கேட்டது. சத்தமாகப் பேசுகிற பெண் இல்லை அவள்.

“பிள்ள காலையிலேருந்து பாலே குடிக்கல. துணியும் நனையல. நான் கொறச்சலாக் குடிக்கிறான்னு சொன்னேன். குடிக்கல. நான் போறேன்.”

முத்து மடியிலிருந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். திரையில் பந்தல் துணி தெரிந்தது, மண் தெரிந்தது, யாருடைய காலோ தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. போன் அணைந்தது.

திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. முத்துவுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. மாலைக் கூட்டம் வந்துவிட்டது. பரோட்டா போட்டேன். கருகியது. முதலாளி என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

7

முத்து கூப்பிட்டபோது தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

“சிவகங்கைல இருக்கோம்ண்ணே. சீர் ஏத்திட்டு வந்த வேன்லயே வந்துட்டோம். மூக்குல குழா வச்சிருக்காக. குளுக்கோஸ் ஏறுது.”

“மூச்சு?”

“டாக்டரம்மா சட்டையத் தூக்கிப் பாத்துட்டுத் திட்டுனாக பாருங்க. எனக்கே சேத்து விழுந்துச்சு. பட்டு வேட்டியோட நிக்கேன், நாந்தான் அப்பன்னு நினைச்சுட்டாக.”

“மாப்பிள்ள எங்க?”

“வெளில மரத்தடில நிக்காரு. யார்ட்டயும் பேசல. பேசவும் வேணாம்ண்ணே இப்ப.”

அன்று இரவும் மறுநாளும் பிள்ளை ஆக்சிஜனில்தான் இருந்தான். அதற்கு மறுநாள் கொஞ்சம் பால் இறங்கியது. டாக்டரம்மா சொன்ன நோயின் பெயரை மலர் தப்பும் தவறுமாகச் சொன்னாள். ஹரிணி திருத்தினாள், “பிராங்கியோலைட்டிஸ் அத்தை.” அத்தைக்கும் மருமகளுக்கும் இடையில் இப்படி ஒரு வார்த்தைதான் பொதுவாக வாய்த்தது.

நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, “ஊசியே போடலையாமே, அப்ப எதுக்குப் படுக்க வச்சிருக்காக?” என்று சண்டைக்குப் போனாராம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அதையேதான் கேட்டேன், இங்கிலீஷில், மகளை வைத்து.

பிள்ளை வார்டில் இருக்கும்போதே மாப்பிள்ளையின் லீவு முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே ரயிலுக்குப் போனார். எனக்குச் சொல்லவில்லை. போட்டால் எடுப்பதில்லை.

கறியைக் கொட்ட முடியாது என்று பந்தி நடந்திருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுதான் இப்போது ஊரில் நிற்கிறது. மாமன் சபையில் உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டான், குலசாமிக்குப் பொறுக்கவில்லை, அன்றைக்கே பிள்ளை ஆஸ்பத்திரியில் விழுந்துவிட்டது. இப்படிச் சொல்கிறார்கள். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்துச் சொல்கிறார்கள். நான் திருத்திச் சொன்னால், சரி சரி விடுப்பா என்கிறார்கள். விட முடியவில்லை.

கேட்கிறவர்களுக்காக ஒருமுறை எழுதிவைக்கிறேன். பிள்ளை முதலில் சீக்காக இருந்தது. பிறகுதான் நான் வேண்டாம் என்றேன். உங்கள் வீட்டில் கைப்பிள்ளை இருந்தால், தடுமம் பிடித்தவர் தூக்க வேண்டாம். தூக்குகிறவர் கையைக் கழுவட்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். சளிப் பிள்ளைக்கு வாயில் ஊத வேண்டாம், புகை போட வேண்டாம். பால் குறைந்தால், விலா குழி விழுந்தால் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம். டாக்டர் எப்படி இருக்கு என்று கேட்டால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டாம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

8

தையில் காதுகுத்து நடந்தது. ஏழாம் மாதம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் சொன்ன மாதிரியே பனியில் நின்றார். அழைப்பிதழை யாரும் எனக்கு அனுப்பவில்லை. வேறொருவர் அனுப்பிப் பார்த்தேன். தாய்மாமன் என்ற இடத்தில் முத்துவின் பெயர் இருந்தது. முத்து மூன்று நாள் என் போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்து, “நான் என்னண்ணே செய்ய” என்றான். அவன் என்ன செய்வான்?

அன்றைக்கு ஆசாரி போனைப் பார்த்துக் கேட்கவில்லை. கேட்க அங்கே போனும் இல்லை. முத்துவையே கேட்டிருக்கிறார். முத்து உத்தரவு என்று சொல்லியிருக்கிறான்.

தேவியிடம் சொன்னேன்.

“பிள்ள இருக்கானா இல்லையா?” என்றாள்.

“இருக்கான்.”

“அப்ப பேசாம இருங்க.”

பேசாமல் இருந்தேன். சரி என்று படவில்லை.

நாலு நாள் கழித்து மலர் ஒரு வீடியோ அனுப்பினாள். யாருக்கும் தெரியாமல் எடுத்தது போல. கை ஆடிக்கொண்டே இருந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருந்தாள், அண்ணே இத யார்ட்டயும் காட்டாதீக என்று.

பின்கட்டில் நின்று போட்டுப் பார்த்தேன். முத்து மடியில் பிள்ளை கொழுகொழு என்று உட்கார்ந்திருக்கிறான். முத்துவின் துண்டைப் பிடித்துக் கடிக்கிறான். ஆசாரி குனிகிறார். ஒரு பக்கம் கம்பி ஏறியது. பிள்ளை ஒரு நொடி திகைத்துப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான். முகம் மிளகாய்ப்பழமாகி, தொண்டை கிழிய, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்துக் கத்துகிறான். பெண்கள் குலவை போட்டார்கள். அது கேட்கவில்லை. இவன் சத்தம்தான் கேட்டது.

முதலாளி எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, பிள்ளை இப்பிடிக் குளறுது? சத்தத்தைக் கொஞ்சம் குறையுமன். முன்னுக்குச் சனம் இருக்கு.”

குறைக்கவில்லை. முடிந்ததும் முதலிலிருந்து போட்டேன்.